நூதனசாலையும் மூவகை அளவையும்

(சைவ ஆசிரியர்க்கு ஒரு பாடக் குறிப்பு)

வேம்பின் முன்னே நிற்குந் தச்சன் அதன் வைரத்தைக் காண்கின்றான். வைத்தியன் அதன் பட்டையைக் காண்கின்றான். வழிப்போக்கனோ நிழலை மாத்திரங் காண்கின்றான். கண் மூவர்க்கும் ஒன்றே. காணும் முறையே வேறு. நூதனசாலைக்கும் பழைய கோயில், கோட்டை, குளங்களுக்கும் நம்மால் அழைத்துச் செல்லப்படும் மாணாக்கருட் பெரும்பாலோர் இவ்வழிப்போக்கன் நிலையிலேயே சென்று, அந்நிலையிலேயே மீளுகின்றனர். வரிசையாக உள்ளே புகுகின்றனர், அரைமணி நேரத்தில் ஐந்நூறு பொருள்களைக் கடக்கின்றனர், மறுநாட் கட்டுரையில், "பல பழைய பொருள்களைக் கண்டோம், மிக மகிழ்ந்தோம்" என்று எழுதுகின்றனர். எப்பொருளைக் கண்டாய் என வினவினால் விடையில்லை. இக்குறை பிள்ளைகளுடையதன்று. காணுமாறு கற்பியாது காணச் சொன்ன நம்முடையதேயாம்.

ஆதலின், புராதனப் பொருள்களைக் காணும் முறையை ஒரு பாடமாக எவ்வாறு கற்பிக்கலாம் என்பதனை இங்கே ஆராயப் புகுந்தாம். இதற்கு வேற்று நாட்டார் வகுத்த முறையொன்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் சித்தாந்த நூலார், ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை முதன்மையாக வகுத்தனர். அங்கே உரை என்பது ஆகமத்தைக் குறிக்கும். இங்கே அச்சிறப்புப் பொருளை விடுத்து, கல்வெட்டு, ஏடு, முதியோர் வாய்மொழி ஆகிய பிறர் சொல் என்னும் அளவிலே அப்பெயரை இரவலாகக் கொள்கின்றாம். இது என் கண் கண்டது, இது கண்டதனைக் கொண்டு யான் கருதுவது, இது பிறர் சொல்லக் கேட்டது என இம்மூன்றனையும் பிரித்துரைக்கக் கற்ற மாணாக்கனே நூதனசாலையிற் படித்தவனாவான்.

க. செல்லுமுன்

ஆசிரியர் முதலிலே தாம் தனித்துச் சென்று பார்த்தல் வேண்டும். சென்று, மாணாக்கர் காணத்தக்க ஐந்து பொருள்களைத் தெரிந்து குறித்துக்கொள்க. கொழும்பு நூதனசாலை தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி என்பவரின் முயற்சியால் கி. பி. 1877-ம் ஆண்டு தை முதலாந் தேதி திறக்கப்பெற்றது. அன்று தொட்டுச் சேர்ந்த பொருள்களை ஒரு பகலிற் கண்டு முடித்தல் எவர்க்கும் இயலாது. ஐந்து பொருளை நன்கு கண்ட பிள்ளை ஆறாவதனைத் தானே தேடிச் செல்லும்; ஐந்நூற்றைக் கடந்த பிள்ளை வாயிலைத் தேடும்.

மாணாக்கரை ஐவர் ஐவராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கொப்பி, ஒரு பென்சில், முடிச்சிட்டு அளவு குறித்த ஒரு நூற்கயிறு கொடுக்க. கயிற்றைப் பொருளின்மேற் படவிடாது, எட்ட நின்றே நீள அகலத்தை மதிப்பிடுமாறு பழக்குக. கைபடலாகாது என்று கட்டளையிடுவதோடு அமையாது, காரணத்தையும் உரைக்க. கையின் வியர்வையிலுள்ள உப்பு செம்பையும் வெண்கலத்தையும் அரிக்கும். ஒரு கையால் விளையுந் தீங்கு கண்ணுக்குத் தோன்றாது. நூறாயிரங் கைகளால் விளைவது எழுத்தையே அழிக்கும். காரணம் அறிந்த பிள்ளை, காவலர் காணாத இடத்தும் கையை நீட்டாது.

உ. காட்சி

யாழ்ப்பாணத்து நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையிலே ஏழு வாயுடைய பானையொன்று உண்டு. இசைக்குரிய கலம் என்று அது கூறப்படும். மாணாக்கர் அதன் பெயர்ச்சீட்டைப் படிக்குமுன், கால் மணி நேரம் அதனை நோக்கி வரையுமாறு பணிக்க. சித்திரம் அழகாக அமையவேண்டும் என்பதன்று கருத்து. வரையுங் கை கண்ணை ஓடவிடாது நிறுத்தும். வாய்கள் ஒத்த அளவினவா? எவ்வொழுங்கில் அமைந்துள்ளன? உடைந்து ஒட்டிய அடையாளம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை எழுதியபின், "இஃது எதற்குப் பயன்பட்டிருக்கும்?" என்று கேட்க. அதன்பின்னரே சீட்டைப் படிப்பிக்க. முன்னரே படித்த பிள்ளை சீட்டைக் காணும், பானையைக் காணாது.

கொழும்பு நூதனசாலையிலே, பொலநறுவையிற் கிடைத்த காரைக்காலம்மையார் திருவுருவம் உளது. அதனை இம்முறைக்கு மிகவும் ஏற்றதென்போம். பெயர் சொல்லாது காட்டுக. எலும்பு தோன்ற மெலிந்த உடல், இருந்த கோலம், கையிலே தாளம் என்பவற்றை மாணாக்கர் ஒவ்வொன்றாகச் சொல்வர். சொல்லி முடியுமுன்பே பெரியபுராணம் படித்த ஒரு பிள்ளை, "அம்மையார்!" என்று கூவுதல் உறுதி. அக்கூவுதலிலே காட்சி கருதலாக மாறுகின்றது. எந்த அடையாளங்களைக் கொண்டு அறிந்தாய் என்று உடனே கேட்டு எழுதுவிக்க.

௩. கருதல்

கருதல் வழுவுதற்கு எளிய இடம். இதனை நம் அநுபவத்தாலேயே அறிந்தாம். சில ஆண்டுகளின்முன் மாணாக்கர் சிலரோடு ஒரு கிராமத்துப் பழைய வளவொன்றைப் பார்க்கச் சென்றிருந்தாம். பற்றையினுள்ளே, நடுவிற் குழிந்த பெருங்கல்லொன்று கிடந்தது. கண்டவுடனே, "இஃது இடிபட்ட சிவாலயமொன்றின் ஆவுடையார் ஆகும், அந்நியர் ஆட்சியின் கொடுமையைப் பாருங்கள்" என்று உருக்கமாகப் பேசத் தொடங்கினாம். பிள்ளைகளும் உருகிநின்றனர். வேலியோரத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் சற்று நேரங் கேட்டிருந்துவிட்டு, "வாத்தியார், அது எங்கடை அப்பு எண்ணெய் ஆட்டின செக்கல்லோ!" என்றார்.

பிள்ளைகள் சிரித்தனர், நாமும் சிரிக்கவேண்டியவரானோம். பின்பு குனிந்து நோக்கியபோது, குழியின் உட்புறம் உலக்கை சுழன்று தேய்ந்த வட்டக் கோடுகள் தெளிவாகக் காணப்பட்டன. அவை முன்னரும் அங்கேயே இருந்தன. நாம் கண்டது கல்லையன்று, நம் விருப்பத்தையே. அன்றுதொட்டு இரண்டு நியமங்களைக் கைக்கொண்டு வருகின்றாம். ஒன்று, பொருளை முழுவதும் நோக்குமுன் பெயரிடாமை. மற்றொன்று, அயலிலே வாழும் முதியோரைக் கேளாது எதனையும் துணியாமை. அச்செக்கும் இழிந்த பொருளன்று. அவ்வூரார் எவ்வாறு உழைத்து உண்டனர் என்பதற்கு அதுவே சாட்சி.

இனி, இதனினுங் கடினமான ஓரிடம் உண்டு. சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையிலே முருகைக்கல்லாற் கட்டப்பட்ட சிறு குவிமாடங்கள் பல நெருங்கி நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ் என்பவர் கி. பி. 1917-ம் ஆண்டு தொடக்கம் 1919-ம் ஆண்டு வரையில் அங்கே ஆராய்ச்சி நிகழ்த்தினார். உரோம நாணயங்களும், இலக்குமி உருவம் பொறித்த தகடுகளும் அவ்விடத்துக் கிடைத்தன. புத்தர் உருவங்களின் உடற்பகுதிகள் யாழ்ப்பாண நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளன. கி. பி. 1970-ம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, அவ்வூரின் குடியிருப்பு மிகப் பழமையுடையதென்பது விளங்கிற்று.

சைவ வித்தியாசாலை ஆசிரியர் சிலர் மாணாக்கரை இவ்விடத்துக்கு அழைத்துச் செல்லக் கூசுகின்றனர். வேறு சிலர் அழைத்துச் சென்றும், புத்தசமயத்தைப் பற்றி வாய் திறவாது மீளுகின்றனர். இது தகாது. தமிழர் சிலர் ஒருகாலத்துப் பௌத்தராய் இருந்தனர் என்பதற்கு மணிமேகலை என்னுந் தமிழ்க் காப்பியமே போதிய சான்று. பௌத்தச் சின்னம் உள்ள இடமெல்லாம் தமிழர் வாழாத இடம் என ஒருவர் கூறின் அது பிழைபட்ட கருதல். தமிழர் வாழும் இடத்துப் பௌத்தச் சின்னமே இல்லையென மற்றொருவர் கூறின், அது காட்சியையே மறுத்தலாம். முன்னதனை மறுக்கும் உரிமை, பின்னதனைச் செய்யாதவனுக்கே உண்டு. தனக்கு இனியதை மாத்திரங் காட்டுபவன் வழக்காளியேயன்றிச் சாட்சி ஆகான். நம் பிள்ளைகள் தம் முன்னோர்க்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள்; அவர்கள் சொல் நாளைக்கு நம்பப்படவேண்டுமாயின், இன்று அவர்கட்கு எதனையும் மறைத்தல் கூடாது.

௪. உரை

பொலநறுவையிலே கருங்கல்லாற் கட்டப்பட்டு, விமானமுங் குலையாது நிற்கும் சிறு சிவாலயம் ஒன்று உண்டு. தொல்பொருட் பகுதியார் அதனை இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம் என வழங்குவர். பெயர் தெரியாதவற்றுக்கு இலக்கம் இடுதல் அவர்கள் வழக்கு. ஆயின் அக்கோயிலிலே பொறிக்கப்பெற்ற தமிழ்ச் சாசனம், சோழ மன்னன் அதிராசேந்திரன் காலத்தது, கோயிலின் பெயரை வானவன்மாதேவி ஈச்சரம் என்று சொல்லுகின்றது. ஓர் அரசியின் பெயர் கோயிற் பெயராயிற்று. மாணாக்கரை அக்கல்லின்முன் நிறுத்தி, "இக்கோயிலுக்கு இலக்கம் இட்டவர் யார்? பெயர் இட்டவர் யார்?" என்று கேட்பீராக. எழுத்தைக் காத்தல் பெயரைக் காத்தல் என்பதனை அவர்கள் ஒருகாலும் மறவார்.

மாதோட்டத்துச் சாசனம் ஒன்று இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உளது. சோழ நாட்டினின்றும் வந்த தாழிகுமரன் என்பவன் மாதோட்டத்திலே இராசராச ஈச்சரம் என்னுங் கோயிலை எடுப்பித்து நிவந்தங்கள் அளித்தமையை அது கூறும். அக்கோயில் இன்று நிற்கவில்லை. கட்டியவன் பெயரும், கோயிலின் பெயரும், அவன் அன்பும் ஒரு கல்லிலே தங்கியிருக்கின்றன. அக்கல்லை எவரேனும் ஆடை தோய்க்கும் கல்லாகக் கொண்டிருந்தாராயின், அவன் பிறந்தமையே பொய்யாய்ப் போயிருக்கும்.

அவ்வாறு போக இருந்த கல்லொன்றும் அங்கே உண்டு. கி. பி. 1911-ம் ஆண்டு காலி நகரத்தில், மதகின் மூடுகல்லாய்க் கிடந்த ஒரு கற்பலகையை எந்திரி ஒருவர் கண்டெடுத்தார். அது சீனக் கடற்றளபதி செங் ஹோ என்பவன் கொணர்ந்த சாசனம்; கி. பி. 1409-ம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழியிலும் எழுதப்பட்டது. சீனப்பகுதி புத்தரை வணங்கிக் காணிக்கைகளைக் கூறுகின்றது. தமிழ்ப்பகுதி தேவேந்திரமுனையில் எழுந்தருளிய தேனாவரை நாயினார்க்கு அவற்றை உரிமையாக்குகின்றது. சிதைந்துள்ள பாரசீகப்பகுதி இஸ்லாமியரின் இறைவனைப் போற்றுகின்றது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலாகக் காணிக்கைப் பொருள்கள் விரித்தெழுதப்பட்டுள்ளன. தேனாவரைக் கோயில் கி. பி. 1588-ம் ஆண்டு போர்த்துக்கேயராற் பாழாக்கப்பட்டது, கல்லோ பேசிக்கொண்டிருக்கின்றது. நம் மாணாக்கர் அப்பலகையிலே தாம் அறிந்த தமிழெழுத்துச் சிலவற்றையேனுங் கண்டு, கொப்பியிற் பார்த்தெழுதுவாராக. அறுநூறாண்டுக்கு மேற்பட்ட எழுத்தொன்றைத் தானே படித்த பிள்ளைக்கு, தமிழின் பழமையைப் பற்றிப் பிரசங்கஞ் செய்ய வேண்டுவதில்லை.

உரையையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். கி. பி. 1980-ம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையிற் கண்ட பெருங்கற்காலப் புதைகுழியில் முத்திரையொன்று கிடைத்தது. அதிலுள்ள பிராமி எழுத்துக்கள் 'கோவேத' எனப் படிக்கப்பட்டன. எழுத்து இஃதென்பது காட்சி. அச்சொல் தலைவன் ஒருவனது பெயரா, அரசனைக் குறிக்கும் பட்டமா என்பது கருதல். பொருள் கூறுவதில் அறிஞர் வேறுபடுவர். வேறுபடுகின்றனர் என்று சொல்லுதல் ஆசிரியர்க்கு இழுக்கன்று.

௫. ஒரு மாணாக்கன் வினா

கொழும்பு நூதனசாலையிலே பொலநறுவைத் திருவுருவங்களின் முன்னே ஒருமுறை நிற்கையில், எம்மோடு வந்த சிறுவன் ஒருவன் மெல்ல அணுகி, "ஐயா, இங்கே கும்பிடலாமா? சுவாமிக்குப் பூவும் இல்லையே" என்றான். உடனே விடை சொல்ல இயலாது நின்றாம். சைவப் பிள்ளையின் உள்ளத்தில் எழவேண்டிய வினா அதுவே. அதனைக் கேளாத பிள்ளைக்கன்றோ நாம் கவலுதல் வேண்டும்!

அவனுக்கு நாம் சொல்லியது இது: "இத்திருவுருவங்கள் கி. பி. 1907-ம், 1908-ம் ஆண்டுகளிலே மண்ணினுள்ளிருந்து எடுக்கப்பட்டவை. மெழுகினால் உருச்செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி ஓட்டி, வெண்கலம் வார்த்து, மண் கருவை உடைத்தெடுத்தவை. ஆதலால் இவற்றுள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. இவை இந்நாட்டிலே வார்க்கப்பட்டனவா, தமிழகத்தினின்று வந்தனவா என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. மண்ணினுள் இவற்றை வைத்தவர் யாவர் என்பதனைக் காட்சியால் அறியோம். பகைவர் கைப்படாது காத்தற்பொருட்டு அன்புடையார் வைத்தனர் போலும் என்று கருதுவோம். இது கோயிலன்று, நித்திய பூசையும் இங்கில்லை. ஆதலின் பூவுங் கற்பூரமும் இங்கே வேண்டா. ஆயினும், கைகூப்பாது மனத்தால் வணங்குதற்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. நீ கொப்பியில் இதனைப் பிழையின்றி வரைந்துகொண்டு போவாயாயின், அதுவே இன்று நீ இடும் பூவாகும்."

அவன் வரைந்தான். பின்னர்த் திருக்கோணமலைக் கதையையும் அவனுக்குச் சொன்னாம். கி. பி. 1624-ம் ஆண்டு போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். கி. பி. 1950-ம் ஆண்டிலே அந்நகரிற் கிணறு வெட்டியவர்கள் சோமாஸ்கந்தர் முதலிய பழைய திருவுருவங்களைக் கண்டனர். அவை மீண்டுங் கோணேசர் கோயிலிலே வழிபாட்டுக்குரியனவாயின. ஒன்று கண்ணாடிப் பேழையினுள்ளும், ஒன்று தீபாராதனையின்முன்னும் இருக்கின்றன. இருக்கும் இடம் வேறாயினும், இரண்டும் இன்று நமக்கு உளவாதற்குக் காரணம் ஒன்றே: கண்டவர் உருக்கி விற்றிலர்.

௬. மீண்டபின்

சென்று மீண்ட மறுநாளிற் கட்டுரை எழுதுவிக்குங்கால், தாளை மூன்று பத்தியாகக் கோடிட்டு, காட்சி, கருதல், உரை எனத் தலைப்பிட்டு எழுதச் செய்க. முதற்பத்தி நீண்டும் இரண்டாவது குறுகியும் இருத்தல் நன்று. முதலாவது வெறிதாய் இரண்டாவது நிரம்பியிருப்பின், அம்மாணாக்கனை மீட்டும் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு வித்தியாசாலையிலும் ஓர் அலுமாரியளவான சிறு நூதனசாலை அமைத்தல் கூடும். கொத்து, படி முதலிய பழைய அளவுகருவிகள், எழுத்தாணி, விளக்கு, பாக்குவெட்டி என இவ்வாறானவற்றைப் பெற்றோர் விரும்பிக் கொடுப்பர். பொருளினும் மேலானது பதிவேடு. இலக்கம், பொருளின் பெயர், எதனாற் செய்யப்பட்டது, நீள அகலம், எவ்வூரில் எவரிடத்துப் பெற்றது, பெற்ற தேதி, கொடுத்தவர் அதனைப் பற்றிச் சொல்லியது ஆகிய ஏழும் மாணாக்கர் கையாலேயே எழுதப்படுக. வந்த இடந் தெரியாத பொருள் தாயை இழந்த குழவி போன்றது. அழகிருந்தும் அதற்கு முகவரி இல்லை.

சில விலக்குகளும் உள. பழைய செம்பு வெண்கலப் பொருள்களைப் புளியிட்டு விளக்கற்க. பச்சைப்படலத்தோடு எழுத்தும் போம். கல்வெட்டெழுத்தின்மேற் சுண்ணக்கட்டியால் எழுதியோ உளிகொண்டு கீறியோ தெளிவாக்க முயலற்க. ஏட்டுச் சுவடிகளை வெயிலிலிட்டு உலர்த்தற்க, தேர்ந்தாரிடங் காட்டுக. நிலத்தை அகழும்போது பழம்பொருள் வெளிப்படின், அதனை எடுத்துவரற்க. இருந்தபடியே விட்டுத் தொல்பொருட் பகுதியார்க்கு அறிவித்தல் வேண்டும். கி. பி. 1940-ம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இதனை விதித்திருக்கின்றது. அச்சட்டம் இல்லையாயினும் அறிவும் இதனையே விதிக்கும். என்னை? மண்ணில் எவ்வாழத்தில், எதனருகே கிடந்தது என்பதே அப்பொருளின் பாதி வரலாறாம்.

இவையெல்லாம் சிறு பள்ளிக்கூடத்தாற் செய்யத்தக்கனவா என்று ஐயுறும் ஆசிரியர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். கி. பி. 1981-ம் ஆண்டு வைகாசி 31-ந் தேதி இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களுஞ் சுவடிகளும் அழிந்தன எனக் கணக்கிடப்பட்டது. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. அச்சிட்ட நூல்களிற் பல, வேறிடத்துப் பிரதி இருந்தமையால் மீளப் பெறப்பட்டன. பிரதியில்லாத ஏடோ அன்றோடு ஒழிந்தது. ஒரே இடத்திலே ஒரே பிரதியாய் உள்ளது பாதி அழிந்ததற்குச் சமம் என்பதனை அத்தீ நமக்குக் கற்பித்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று பென்சிலால் வரைந்த கோட்டுச் சித்திரமும், அளந்தெழுதிய அளவும், பாட்டியிடங் கேட்டெழுதிய இரண்டு வசனமும் ஒவ்வொன்றும் ஒரு பிரதியே.

ஆதலின், ஆசிரியர்களே! வருந் தவணையிலேயே தொடங்குவீர்களாக. தூரதேசம் போகப் பணமும் வண்டியும் இல்லையெனத் தளரவேண்டா. உம் ஊர்க் கோயிலின் மடப்பள்ளியிலும், கேணிக்கட்டிலும், சுமைதாங்கியிலும், தெருமூடி மடத்திலும் எழுத்தோ உருவோ ஒன்று படிப்பாரின்றிக் காத்திருக்கும். பிள்ளைகளை அதன்முன் இருத்தி, முதலிற் பேசாதிருந்து காணச் செய்யுங்கள். பின்பு வேலியோரத்து மூதாட்டியைக் கேட்கச் செய்யுங்கள். கண்டதனைக் கண்டவாறும், கேட்டதனைக் கேட்டவாறும், கருதியதனைக் கருதியதென்றும் எழுதும் ஒரு தலைமுறை எழுமாயின், நம் பழமைக்கு அதனின் மிக்க காவல் வேறில்லை.

திருவருள் முன்னிற்க.